ஐந்து ஜெபத்தில் காயும் சொல்யூஷன்

பஞ்சர் கடைக்குச் சிரித்த முகத்தோடு வந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பஞ்சர் கடை வைத்திருக்கிற யாருக்கும் இது தெரிந்ததுதான்.

கடலூர் முதுநகரில் சிதம்பரம் ரோட்டோரம் எங்கள் கடை. வீட்டுக்காரருக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் அவர் படுத்ததும் கடையில் நான் உட்கார்ந்தேன். சென்னையில் இருக்கிற மகனுக்கு இது பிடிக்கவில்லை. "இந்த மழையில ஒரே ஒரு ஒட்டு பிரிஞ்சு வந்தாலும் கடையை மூடிடணும்மா" என்றான். ஆண்டவர்மேல் பாரத்தைப் போட்டுத் தலையாட்டிவிட்டேன்.

காய்ந்தால்தான் ஒட்டும்

ட்யூபை அரத்தால் ராவி, சொல்யூஷன் தடவி, அது விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபிறகுதான் பேட்சை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். நான் கடிகாரம் பார்ப்பதில்லை. வெயில் நாளில் மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம், மழை நாளில் ஐந்து. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் அதற்குமுன் காயாது.

புல்லட்டில் வந்த ஒருவர் என் உதடு அசைவதையே பார்த்தார். "ஏம்மா, காஞ்சா எப்படி ஒட்டும்?"

"இது போஸ்டர் ஒட்டுற பசை இல்லீங்க" என்று சொல்லி, ஒட்டி, தண்ணீரில் முக்கிக் காட்டினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கிளம்பும்போது கேட்டார்: "ஜெபத்துக்குத் தனியா ஏதாச்சும் தரணுமா?"

வழுக்கை

ஹார்பரிலிருந்து மீன் ஏற்றிப்போகிறவரின் மொபெட். பின் டயர் வழவழவென்று தேய்ந்து, பட்டன் ஒன்றுகூட இல்லை. "ரோட்டுல மழைத்தண்ணி, அதுமேல மீன் தண்ணி. பிரேக் புடிச்சா சறுக்கும். டயரை மாத்துனாதான் பஞ்சர் ஒட்டுவேன்" என்றேன். கத்தினார். நான் அரத்தைத் தொடவே இல்லை. கடைசியில், கொஞ்சம் பட்டன் உள்ள பழைய டயர் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். மாட்டி முடிக்கும்வரை முனகல்: "என் தலையிலகூடதான் ஒண்ணும் இல்ல. தொப்பி என்ன சறுக்கியா வுழுது?"

புதுச்சத்திரம் வரை

சிதம்பரத்தில் தன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒருவர் கொட்டும் மழையில் பைக்கோடு வந்து, அவசரப்படுத்தி என் தலைமேல் நின்றார். மனசு இளகி, இரண்டு ஜெபத்திலேயே அழுத்திவிட்டேன்.

மறுநாள் ட்யூபோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். "உங்க ஒட்டு புதுச்சத்திரம் வரைக்கும்தாங்க்கா வந்துச்சு. நான் போறதுக்குள்ள அவுங்க காப்பி குடிச்சிட்டுக் கெளம்பிட்டாங்க." பேட்ச் தோசைபோல உரிந்து வந்தது.

பின்னறையில் கட்டிலில் கிடந்த வீட்டுக்காரர் அதைக் கேட்டு, உடனே மகனுக்குச் சொல்லிவிட்டார். மகன் என்னைக் கூப்பிட்டான். "சொன்ன மாதிரி மூடிடும்மா."

"அவசரப்பட்டது என் தப்பு. தலையாட்டிட்டு மீறுறதும் தப்புதான். ரெண்டையும் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன். கடையை மூட மாட்டேன்."

போனை வைத்தேன். பழையதைச் சுரண்டி, மறுபடி ராவி, சொல்யூஷன் தடவி, ஐந்தையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ட்யூபைக் கொண்டுவந்தவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நல்லா காயட்டுங்க்கா. அவுங்க ஞாயித்துக்கிழமதான் மறுபடி வராங்க."

கடை இன்றும் திறந்திருக்கிறது. அவசரமாகப் போகிறவர்கள் மட்டும் தயவுசெய்து பஞ்சர் ஆக வேண்டாம்.