நான் கட்டிய சிவப்புத் துணி

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் ஆட்களை நடக்கக் கூட்டிக்கொண்டு போவான். மற்ற நாட்களில் அவனுக்குப் பெரகல சந்தியில் ஒரு கடையில் வேலை. ஞாயிறு காலையில் அப்புத்தளை ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, எங்கள் தோட்டத்துக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் உச்சிப் பாறை வரை ஏறுவான்.

"காசெல்லாம் வேணாம் சார், அட்டைக்கு மட்டும் ரத்தம் குடுத்தாப் போதும்" என்பான். எப்போதும் அதே பகிடிதான். எப்போதும் சிரிப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை, வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிப் பையில் போட வேண்டும். அதற்காகத்தான் தோட்டத்துத் துரையும் அவர்களைத் தேயிலைக்குள் நடக்க விட்டார். அண்ணனைப் பற்றி எனக்கும் அம்மாவுக்கும் பெருமை.

அம்மா குளவி கொட்டிச் செத்துப்போனார்.

கொழுந்து எடுக்கும்போது குளவிக்கூடு கண்ணில் பட்டால் பக்கத்துச் செடியில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வருவது எங்கள் வழக்கம். பின்னால் வருகிறவர்கள் துணியைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள். ஒரு சனிக்கிழமை பாறைக்குப் போகும் பாதையோரம் நான்தான் கூட்டைப் பார்த்தேன். என் பழைய சிவப்புத் தாவணியில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "சரி, துணியப் பாத்து ஒதுங்கிக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை அம்மாவை அந்தப் பக்கம் அனுப்பினார்கள். ஒரே பனிமூட்டம். துணி இல்லை. கூடு இன்னும் மேலே இருக்கிறது என்று நினைத்திருப்பார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

"காத்துல அவுந்து போயிருக்கும். இவ ஒழுங்கா முடிச்சுப் போட்டிருந்தா அவ செத்திருப்பாளா?" பக்கத்து வீட்டு அத்தை எழவு வீட்டிலேயே இப்படிச் சொன்னார். எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க அதே பேச்சு. அதற்குப் பிறகு கூடு எதையாவது பார்த்தால், "அவளக் கட்டச் சொல்லாதீங்க" என்பார்கள். கொடியில் துணி காயப்போட்டாலும் கூடைக் கயிறு கட்டினாலும் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பேன். நான் படித்தது கொஞ்சம்தான். ஆனால் ஒரு முடிச்சுப் போடக்கூடத் தெரியாதவளா என்று நினைத்து நினைத்து அழுதேன். சொல்லி அழ எனக்கு அண்ணன் ஒருவன்தான் இருந்தான்.

அவன் என் தலையைத் தடவிக்கொண்டே, "விடு பாப்பா, நீ வேணும்னா செஞ்ச?" என்பான்.

கொஞ்ச மாதம் கழித்து அண்ணன் மறுபடியும் ஆட்களைக் கூட்டிப்போக ஆரம்பித்தான். "வீட்டுக்குள்ளயே கெடக்காத, நீயும் வா" என்றான். போனேன். கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. எல்லோருக்கும் பின்னால் நடந்தேன். பாதி வழியில் காலில் அட்டை ஏறிவிட்டது. உட்கார்ந்து அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தபோது அவர்கள் வளைவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார்கள். நான் வேகமாக நடந்தேன்.

கூட்டத்தில் ஒரு அம்மா குப்பைப் பையோடு ஒரு தேயிலைச் செடிப் பக்கம் குனிந்திருந்தார். செடியில் யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள்.

"தம்பி, இந்தத் துணியையும் எடுத்துரவா? அசிங்கமா தொங்குது."

"ஐயோ, தொடாதீங்க மிஸ்!" அண்ணன் ஓடிவந்து அவர் கையைத் தட்டிவிட்டான். "பக்கத்துல குளவி இருக்கு! முந்தி ஒரு தடவ இப்படித்தான், ஒருத்தங்க செவப்புத் துணிய குப்பைன்னு அவுத்துப் பையில போட்டுட்டாங்க, மறுநாளே..."

அப்போதுதான் என்னைப் பார்த்தான்.

"எந்தச் செவப்புத் துணி?" என்றேன்.

"அப்புறம் பேசுவோம் பாப்பா. ஆளுங்க இருக்காங்க."

"அன்னைக்கும் ஆளுங்க இருந்தாங்களா?"

என்னைத் தள்ளி அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினான். "குளவின்னு சொன்னா பயந்துருவாங்க, இனி ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன். சாயந்தரம் வந்து வேற துணி கட்டிக்கலாம்னு இருந்தேன். மழ வந்துருச்சு. மறந்தே போயிட்டேன். சத்தியமா மறந்துட்டேன் பாப்பா."

"சரி, மறந்துட்ட. எல்லாரும் என் முடிச்சத் திட்டுனப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"நீ சின்னப் புள்ள. ரெண்டு வார்த்த திட்டுவாங்க, விட்டுருவாங்க. நான்னு தெரிஞ்சா துரை இந்தப் பக்கம் கால் வைக்க விட்டிருப்பாரா?"

இதைச் சொல்லும்போதும் திரும்பித் திரும்பி அவர்களைத்தான் பார்த்தான். அவர்கள் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கை காட்டிக் கூப்பிட்டார்கள். "தோ வரேன் சார்!" என்று சிரித்த முகத்தோடு ஓடினான். அந்தச் சிரிப்பு அத்தனை சீக்கிரம் அவன் முகத்தில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் தனியாக இறங்கி வந்தேன்.

மறுநாள் காலை பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிட எல்லோரும் கூடி நிற்கும்போது, சத்தமாகச் சொன்னேன். "என் முடிச்சு அவுறல. அண்ணங்கூட வந்தவங்க அவுத்துட்டாங்க. அண்ணனுக்குத் தெரியும்."

கங்காணி பேர் கூப்பிடுவதை நிறுத்தினார். "கூடப் பொறந்தவனயே பெரட்டுல வச்சு இப்படிச் சொல்றியேடி" என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். பக்கத்து வீட்டு அத்தை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மலைக்கு ஏறும்போதுதான் பக்கத்தில் வந்து, இடுப்பில் செருகியிருந்த துணி ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார்.

"தண்ணி ஓடுற கானுக்குப் பக்கத்துல ஒரு கூடு இருக்கு. போ, நீயே கட்டிட்டு வா."

கட்டினேன். இழுத்துப் பார்க்கவில்லை. அம்மா போனதிலிருந்து நல்லதோ கெட்டதோ எதையும் முதலில் அண்ணனிடம்தான் சொல்வேன். அத்தை என்னிடம் துணி கொடுத்ததையும் அவனிடம்தான் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்துவிட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது.