கூட்டுரோட்டுக் காப்பி

எங்கள் வீட்டு மாட்டுப் பாலை எங்கள் அப்பா தினமும் கடையில் போய்க் காசு கொடுத்துக் குடித்துவிட்டு வருவார். அதில் கொஞ்சம் டிக்காஷனும் சர்க்கரையும் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் நினைத்தால் இப்போதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வீட்டுப் பால் அவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கும்.

எங்கள் ஊர் வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில் இருந்தது. தெருவுக்குக் கரண்டு கம்பம் வந்து, வீடுகளுக்குள் விளக்கு வராத காலம். அம்மா விடியுமுன் எழுந்து சாணி வாரி, தொழுவம் கூட்டி, பால் கறந்து, தூக்கில் ஊற்றி வைப்பாள். அப்பா முகம் கழுவித் தலை வாரி, தூக்கை சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஒரகடம் கூட்டுரோட்டுக்குக் கிளம்புவார். அங்கே இருந்த ஒரே காப்பிக்கடைக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் பால். பாலைக் கொடுத்துவிட்டு அப்பா பெஞ்சில் உட்காருவார். ஒருவர் பேப்பர் படிக்க, மற்றவர்கள் உலகத்தைத் திருத்த, வெயில் ஏறும்வரை அங்கேதான். திரும்பி வரும்போது அவர் மீசையில் காப்பி வாசனை இருக்கும். எங்களுக்கு வீட்டில் நீராகாரம்.

“இன்னிக்கி காப்பின்னா காப்பி, அப்டியே நொர கட்டிகினு வந்துது” என்று சொல்லிக்கொண்டேதான் அவர் கேழ்வரகுக் கூழில் கைவைப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு எச்சில் ஊறும், கூடவே கோபமும் ஊறும். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

அம்மாவுக்குக் காப்பி தெரியும். செங்கல்பட்டில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு ஒருமுறை போய் நான்கு நாள் இருந்தபோது பழகியது. பெரியப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அங்கே தினமும் இரண்டு வேளை காப்பி. ஊருக்குத் திரும்பிய வாரமே அம்மா அப்பாவிடம் காப்பித்தூள் கேட்டாள். அப்பா சிரித்தார்.

“வூட்டுக்குள்ள காப்பி வந்தா வூடு உருப்படாது. பொம்பளைக்கு இன்னாத்துக்குக் காப்பி?”

 அன்று அம்மா பாத்திரம் துலக்கிய சத்தம் எதிர்வீடுவரை கேட்டது. அம்மாவின் கோபம் எப்போதும் பாத்திரத்தின் வழியாகத்தான் வெளியே வரும். எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று நானும் அத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தோம். அத்தை அப்பாவுடைய கடைசித் தங்கை. அவளைப் பெண் பார்க்கக் காஞ்சிபுரத்திலிருந்து வருகிறார்கள் என்று ஆனபோதுதான் சண்டை வந்தது.

அம்மா யாரிடமும் சொல்லாமல் பெரியம்மாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். பெண் பார்க்க வரும் நாளுக்கு முந்தின சாயங்காலம் பெரியம்மா ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கினாள். பையில் பித்தளை ஃபில்டர் ஒன்றும், அன்று அரைத்த தூளும் இருந்தன. அப்பா வயலுக்குப் போயிருந்த நேரத்தில் இருவரும் எனக்குத் தெரியாத ஏதோ பூஜை செய்வதுபோல அந்த ஃபில்டரைப் புளி போட்டுத் தேய்த்தார்கள்.

மறுநாள் காலை எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காப்பி மணத்தது. அந்த மணம் கூரையைத் தாண்டிப் போய்விடுமோ என்று நான் கதவைக்கூடச் சாத்தினேன். கடைக்குப் போனது போக எடுத்துவைத்திருந்த பாலில் அம்மா ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கலந்து, எல்லார் கண்ணும் பட்டுவிடப் போகிறது என்பதுபோல மூடிவைத்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வந்தவர்கள் குடித்ததும் எனக்கும் அத்தைக்கும் ஆளுக்கு அரை டம்ளர் என்று பேச்சு.

அப்பா உள்ளே வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை.

“வரவங்க டவுனு ஆளுங்க. நீ போட்ட தண்ணியக் குட்த்து மானத்த வாங்கப் பாக்கிறியா?”

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டார். சித்தப்பா முறையான ஒருவரைக் கூப்பிட்டு, சைக்கிளில் கூட்டுரோட்டுக்குப் போய்த் தூக்கு நிறையக் காப்பி வாங்கிவரச் சொன்னார். நான் தொட்டிக்கு ஓடினேன். மாடு அதற்குள் மூக்கை முக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் போட்ட காப்பியை முதலில் குடித்தது மாடுதான்.

வந்தவர்கள் குடித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “காப்பி நல்லாக் கீதே, யாரு போட்டது?” என்று கேட்டாள்.

“எங்க வூட்லதான்” என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல்.

கதவுக்குப் பின்னால் அம்மாவும் நானும் நின்றிருந்தோம். ‘பொய்! பொய்!’ என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். அம்மா என் கையை ஒரு கிள்ளு கிள்ளினாள். தழும்பு பத்து நாள் இருந்தது. அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அன்று சாயங்காலம் பாத்திரம் துலக்கிய சத்தமே கேட்கவில்லை.

மறுநாள் அப்பா தலை வாரிக்கொண்டு வந்தார். தூக்கு காலியாக இருந்தது.

“பாலு எங்க?”

“அடுப்புல கீது.”

“கடைக்கு நேரமாவுது. ஊத்து.”

“ஊத்த மாட்டேன்” என்றாள் அம்மா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். “நேத்து தொட்டில ஊத்துனியே, அது எங்க அப்பன் வூட்டு மாட்டுப் பாலு. நான் பொறந்த வூட்லேர்ந்து ஓட்டியாந்த மாடு. இனிமே அது எங்க போவணும்னு நாந்தான் சொல்லுவேன்.”

அப்பா தூக்கை எட்டி உதைத்தார். அது வாசலில் உருண்டு தெருவுக்குப் போயிற்று. அம்மாவை நோக்கிக் கையை ஓங்கினார். அம்மா ஊதுகுழலோடு எழுந்து நின்றாள். அடிக்கத்தான் நின்றாளோ, சும்மா நின்றாளோ, எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியவில்லை. கையை இறக்கிவிட்டு வெறும் சைக்கிளில் போனார்.

மூன்று நாள் கூட்டுரோட்டுக் கடையில் பால் இல்லை. வரக்காப்பியைக் குடித்துவிட்டு ஆட்கள் கத்தியிருக்கிறார்கள். பால் இல்லாத காப்பிக்கும் பேப்பர் படிப்பவர்மேல்தான் கோபப்பட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவைத் தாண்டி நேராக அம்மாவிடம், “அண்ணி, எம் பொழப்பு கெட்டுப்பூடும். பாதியாவது குடுங்க” என்றார். பாதி கடைக்கு, பாதி வீட்டுக்கு என்று முடிவாயிற்று.

நான்காம் நாள் காலை அம்மா அப்பாவின் முன்னால் ஒரு டம்ளரை வைத்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே எடுத்துக் குடித்தார். பாதியில் டம்ளரை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் கீதா?” என்று கேட்டார்.

ஜெயித்துவிட்டோம்! அன்று பள்ளிக்கூடம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஜெயம் ஒரு வாரம் இருந்தது. அடுத்த வாரம் அப்பா கூட்டுரோட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பாதிப் பாலைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் சித்தப்பாவை அமர்த்திக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்கள் ஒவ்வொருவராக எங்கள் வாசலுக்கு வந்து உட்காரத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு பேர். பிறகு ஐந்து. பிறகு பேப்பரும் அதைப் படிப்பவரும் வந்து சேர்ந்தார்கள். “எங்க வூட்டுக் காப்பிய ஒரு தபா குடிச்சிட்டா வேற காப்பி எறங்காது” என்று அப்பா உரக்கச் சொல்வது அடுப்படிவரை கேட்கும். அடுத்து, “இந்தா, இன்னும் நாலு பேருக்கு!” என்ற குரலும் கேட்கும்.

முன்பு அப்பா கூட்டுரோட்டுக்குப் போன பிறகு அம்மா கொஞ்ச நேரம் படியில் உட்காருவாள். என் தலையை வாருவாள். அத்தையோடு சிரிப்பாள். அதெல்லாம் போயிற்று. அவள் டிக்காஷன் இறக்க, பால் காய்ச்ச, நான் எடுத்துப்போய்க் கொடுக்க, திரும்பி வந்த டம்ளர்களை அத்தை கழுவ, மறுபடி அடுப்பு. அத்தை கல்யாணமாகிக் காஞ்சிபுரம் போன பிறகு கழுவுவதும் என் வேலையாயிற்று. பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும்போது நான் டம்ளர் துலக்கிக்கொண்டிருப்பேன். வாத்தியார் வெளியே நிற்கவைப்பார். எல்லார் மேலும் எனக்குக் கோபம்: அப்பாமேல், பேப்பர் படிக்கிறவர்மேல், “இன்னிக்கி கொஞ்சம் தண்ணியாக் கீதே” என்று குறை சொல்லிவிட்டு இரண்டாம் டம்ளர் கேட்கிற கிழவர்மேல்.  அம்மாவுக்கென்று மிஞ்சுவது ஃபில்டரின் அடியில் கிடக்கும் கசப்புத் தண்ணீர். அதையும் நின்றுகொண்டே குடிப்பாள். பல நாள் அதுவும் இல்லை.

ஒரு கிருத்திகையன்று காலை, வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போகிற கூட்டம் ரோட்டில் வர ஆரம்பித்திருந்தது. அப்பா வழக்கம்போல வாசலில் பாய் விரித்துவிட்டு ஆட்களைக் கூட்டிவரத் தெருமுனைக்குப் போனார். அம்மா பால் கறந்தாள். அடுப்பு மூட்டவில்லை. சித்தப்பா வருவதற்குள் எல்லாப் பாலையும் தூக்கில் ஊற்றி, ஒரு கையில் தூக்கையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக வயல்வரப்பில் இறங்கினாள். கோயிலுக்குப் போகிறோம் என்று நினைத்தேன். வரப்பு முடிந்து ரோடு ஏறியதும் அவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

கடைக்காரர் பாலை வாங்கிக்கொண்டார். “இன்னா அண்ணி, நீங்க வந்துகிறீங்க?” என்று கேட்டுவிட்டு, அவள் போய்விடுவாள் என்று காத்திருந்தார். அம்மா போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“ஒரு காப்பி போடு. காசு குடுத்துடறேன்.”

பெஞ்சின் மறுமுனையில் இருந்த இரண்டு ஆட்கள் சூடுபட்டதுபோல எழுந்து நின்றார்கள். சிங்கப்பெருமாள் கோவில் பஸ் அந்த நேரம் பார்த்துத்தான் வந்து நிற்கவேண்டுமா? ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். அந்தக் காலத்தில் அந்தப் பெஞ்சில் பொம்பளை உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதற்காகவா அத்தனை சண்டை? வீட்டில் ஃபில்டர் இருக்கிறது, தூள் இருக்கிறது, பால் இருந்தது. “வூட்ல காப்பி இல்லியா? வாம்மா, எல்லாரும் பாக்கறாங்க” என்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“நீயும் ஒக்காரு” என்றாள்.

நான் உட்காரவில்லை. புளியமரத்தடிக்குப் போய் அவளுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் காப்பியை ஆற்றிக்கொண்டுவந்து வைத்து, “சக்கர போதுமான்னு பாருங்க அண்ணி” என்பது காதில் விழுந்தது.  திரும்பிப் பார்த்தேன். அம்மா இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சூடு தாங்காமல்தான் என்று நினைத்தேன். ஊதிக் குடிக்கக்கூடத் தெரியவில்லையே என்று இன்னும் கோபம் வந்தது. அவள் அவசரமே படவில்லை. பஸ் போய், அடுத்த பஸ்ஸும் வந்துபோன பிறகுதான் எழுந்தாள்.

வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் வெறும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சேதி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அப்பாவின் முகம் கருத்திருந்தது.

“எங்க போய்ட்டு வர?”

“காப்பி குடிக்க.”

“வூட்ல இல்லாத காப்பியா?”

“வூட்ல நான் போட்ட காப்பிதான கீது” என்றாள் அம்மா.

அப்பா கத்தினார். குடும்ப மானம், ஊர் சிரிப்பு, பொறந்த வீட்டு வளர்ப்பு என்று எல்லாம் வந்தது. பேப்பர்க்காரர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அடுத்த வாரம் அப்பா மறுபடி தூக்கை சைக்கிளில் மாட்டிக்கொண்டு கூட்டுரோட்டுக்குப் போக ஆரம்பித்தார். வீட்டில் காப்பி தினமும் ஒரே ஒரு தடவை, வீட்டு ஆட்களுக்கு மட்டும் என்று ஆயிற்று. அம்மாவும் அவரும் ஒரு மாதத்துக்குமேல் பேசிக்கொள்ளவில்லை.

நானும் அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் என் மனது இளகியது. அத்தனை பேர் முன்னால் தன் காப்பியைத் தானே மட்டமாகச் சொல்லிக்கொண்டாளே, பாவம், அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அடுப்படிக்குப் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “கடைக் காப்பியவிட உன் காப்பிதாம்மா நல்லா இருக்கும்” என்றேன்.

 அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி விறகைத் தள்ளினாள்.

எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, எத்தனையோ விடியற்காலைகள் எல்லாருக்கும் காப்பி போட்டு அடுப்பு முன்னால் நின்ற பிறகும், அன்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னதாகவே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.