பதிவுத் தபாலில் வந்த இங்கிலாந்து

முத்துக்குமாரு இறந்து இருபத்தாறு நாளாகியிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு இன்னும் ஐந்து நாள். அன்றைக்கு வந்தவர்கள் முன்னால் வாசித்து, பிறகு ஆளுக்கொன்று கொடுக்கிற, இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் கல்வெட்டுப் புத்தகத்தின் அச்சுப் பிரதியை அடுத்த வீட்டு உதயகலா ரீச்சர் காலையிலேயே கொண்டுவந்து தந்தார். எழுதியதும் அவர்தான்.

"பிழை இருந்தாச் சொல்லுங்கோ அக்கா. பதினொரு மணிக்கு அச்சகத்துக்குச் சொல்லவேணும்."

முத்துக்குமாருவின் மனைவி நாகேஸ்வரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். பிறப்பு, படிப்பு, தபால் கந்தோரில் முப்பத்தைந்து வருட உத்தியோகம், எல்லாம் சரி. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'இங்கிலாந்தைக் கண்ணாற் காணவேண்டும் என்ற ஒரே ஆசை நிறைவேறாமலே இவ்வுலகை நீத்தார்.'

அதற்குக் கீழே அவளால் வாசிக்க முடியவில்லை.

ரீச்சர் எழுதியதில் பிழையில்லை. மானிப்பாயில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். முத்துக்குமாருவை ஊர் 'துரை' என்றுதான் கூப்பிட்டது. சைக்கிளில் போகிறவரை மறித்து, "என்ன துரை, லண்டனிலை மழையோ?" என்று கேட்பார்கள். அவரும் கால் ஊன்றி நின்று, "இண்டைக்குத் தூறல்தான். பின்னேரம் வெளிக்கும்" என்பார். முதல்நாள் வானொலியில் கேட்டிருப்பார். அந்த நாட்டின் ஆறுகள், ரயில் பாதைகள், எந்த மாவட்டத்தில் எந்த மாதம் ஆடு குட்டி போடும் என்பது வரை அவருக்குத் தெரியும். தெல்லிப்பழைக் கல்லூரியின் பழைய ஆங்கில நாவல்களை இரவல் வாங்கி வாசித்தே அவ்வளவும் பிடித்தவர். தோடம்பழத் தோலைச் சீவி, அவர்கள் பாணில் பூசுகிற கசப்பு ஜாம் ஒருமுறை காய்ச்சினார். வீட்டில் வேறு ஒருவரும் வாயில் வைக்கவில்லை. அவர் மட்டும் ஒரு மாதம் தின்றார்.

மின்சாரம் இல்லாத யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவில்தான் றேடியோ பாடியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நாகேஸ்வரி மிதியைக் கையால் சுற்றுவாள், அவர் காதை வைத்து ஆங்கில நாடகம் கேட்பார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. கை உளைந்து நிறுத்தினால் அங்கே ஒரு சீமாட்டி பாதி அழுகையில் நின்றுவிடுவாள். முடிந்த பிறகு முழுக்கதையையும் அவளுக்குத் தமிழில் சொல்வார். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் கதை கேட்க அவள் ஒருத்திதான்.

அப்படிப்பட்டவருக்கு லண்டனில் இருக்கிற தம்பி, பதினான்கு வருடங்களுக்கு முன்னம், விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதமும் பத்திரங்களும் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார். தபால்காரன் வீட்டுக்குக் கொண்டுவர, நாகேஸ்வரி கையெழுத்து வைத்து வாங்கினாள். ஊரில் இருந்து போனவர் ஒருவரும் திரும்பி வந்ததாக அவளுக்கு நினைவில்லை. கடிதத்தை அலுமாரியில் தன் கல்யாணக் கூறைச்சேலை மடிப்புக்குள் வைத்தாள். அவரிடம் சொல்லவில்லை. மூன்று கிழமை கழித்துத் தம்பி தொலைபேசி எடுத்துக் கேட்டபோது, "இல்லையடா, ஒண்டும் வரேல்லை" என்று அவர் வெள்ளையாகச் சொன்னதைக் குசினி வாசலில் நின்று கேட்டாள். அன்றிலிருந்து அவர் புத்தகம் விரித்தால் அவள் அந்தப் பக்கம் பார்க்கமாட்டாள்.

இப்போது அந்த நிறைவேறாத ஆசை அச்சேறி, நானூறு வீட்டுக்குப் போகப்போகிறது.

தம்பியின் மகன் பிரவீணன் தேத்தண்ணியோடு வந்து முன்னால் இருந்தான். தகப்பனுக்குச் சிறுநீரக வருத்தம், பறக்க ஏலாது, அதனால் அந்தியேட்டிக்கு இவன் வந்திருந்தான்.

"பெரியம்மா, ஏன் ஒரு மாதிரி இருக்கிறியள்?"

அவள் பிரதியை அவன் பக்கம் தள்ளி, வரியில் விரலை வைத்தாள். "இந்த ஆசையைக் கெடுத்தது நான் தான் தம்பி. லண்டனிலை இருந்து உன்ரை கொப்பர் அனுப்பின கடிதம் வந்தது. நான் ஒளிச்சுப்போட்டன்."

பிரவீணன் வாசித்தான். பிறகு தேத்தண்ணியைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்திருந்தாள். வந்தது சிரிப்பு மாதிரி ஏதோ.

"அது பெரியப்பாவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பதிவுத் தபால் எல்லாம் எந்தக் கந்தோருக்கு வரும், பெரியம்மா? பதிவுப் புத்தகத்திலை அந்தக் கடிதத்தின்ரை நம்பரை எழுதினதே பெரியப்பாதான். எழுதிப்போட்டுத் தபால்காரனிட்டைக் குடுத்து விட்டவராம், நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு பாப்பம் எண்டு."

முப்பது வருடமாக அவர் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தவள், கந்தோருக்குள் அவருக்கு என்ன வேலை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"நீ என்னைத் தேற்றுறதுக்குச் சொல்லுறாய்."

"ஒண்டும் வரேல்லை எண்டு சொன்ன அடுத்தநாளே கந்தோரிலை இருந்து அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னவர். 'நாற்பது வருசமா இங்கிலாந்து இங்கிலாந்து எண்டு உன்னைக் கரைச்சல்படுத்திப்போட்டு, இப்ப வர விருப்பமில்லை எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. நாகேசு என்னைக் காப்பாத்திப்போட்டாள். இஞ்சை நான் துரை. அங்கை வந்தா உன்ரை வீட்டு ஹீற்றருக்குப் பக்கத்திலை குந்தியிருக்கிற கிழவன். இனி அனுப்பாதை' எண்டவராம். அப்பா இப்பவும் சொல்லிச் சிரிப்பார்." பிரவீணன் கொஞ்சம் யோசித்தான். "'கூறைச்சேலைக்குள்ளை வைச்சிருக்கிறாள், பூச்சி உருண்டையும் போட்டிருக்கிறாள், என்ரை புத்தகங்களுக்குக்கூட அவ்வளவு கவனிப்பில்லை' எண்டும் சொன்னவராம்."

கூறைச்சேலையைப் பற்றி அவள் இந்த உலகத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

நாகேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினாள். அழுகை வரவில்லை. பதினான்கு வருடமாக நெஞ்சுக்குக் கீழே ஒரு பக்கமாகக் கிடந்தது அசைந்து இடம்விட்டது போல இருந்தது. "கள்ளன்," என்றாள். "தெரிஞ்சு வைச்சுக்கொண்டு எனக்கு முன்னாலேயே ஒண்டும் வரேல்லை எண்டவர்." கோபித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது கொஞ்சம் வலித்தது, ஆனாலும் அந்த வலி தாங்கக்கூடியதாக இருந்தது.

பத்தரைக்கு ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ரீச்சர், மூண்டாம் பக்கத்திலை அந்த ஆசை நிறைவேறேல்லை எண்ட வரியை எடுத்துவிடுங்கோ."

"ஐயோ அக்கா, அது உண்மைதானே? அந்த இடத்திலை வேறை என்ன போடுறது?"

"அது உண்மையில்லை. ஒண்டும் போடவேண்டாம். கீழை இருக்கிறதைக் கொஞ்சம் மேலை தள்ளிவிடுங்கோ."

வைத்துவிட்டு, குசினிப் பக்கம் பார்த்தாள்.

"தம்பி, அங்கை புட்டு மிச்சம் கிடக்குதோ? எனக்குப் பசிக்குது."