தண்டவாளத்தில் காது வைத்தவர்கள்

எங்கள் தோட்டத்து ரயிலுக்குப் பெரிய பவிசெல்லாம் கிடையாது. மலாயாவில் மேரு என்ற ஊருக்கு அப்பால் காட்டை வெட்டி, ரப்பரையும் ஈயத்தையும் கிள்ளான் பட்டணத்துக்குக் கொண்டுபோக ஒரு கம்பெனி போட்ட ஒற்றைப் பாதை. ஆள் ஏறக் கூடாது என்று உத்தரவு. ஆனால் பிரசவ வலியில் கஷ்டப்படுகிறவளை மட்டும் கடைசிப் பெட்டியில் பாய் விரித்துப் படுக்கவைத்து அங்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். துரையும் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவார். என் கணவர்தான் தோட்டத்து டிரெசர். காய்ச்சலுக்கு மருந்தும் புண்ணுக்குக் கட்டும் போடுவார். அதற்கு மேலே போனால் கையைப் பிசைவார். "பிள்ளை குறுக்கே கிடந்தா ரயில்தான் டாக்டர்" என்று அவரே சொல்வார்.

ரப்பர் விலை விழுந்ததும் ரயில் நின்றது. பாதி லயத்து வீடுகள் காலியாகி, ஆட்கள் கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சிய எங்களுக்கு மாட்டுவண்டிதான் கதி.

அந்த வண்டியில் முதலில் போன கர்ப்பிணி, முன்பு தண்டவாளம் பார்க்கும் வேலையில் இருந்த, தோட்டமே அண்ணன் என்று கூப்பிடும் ஒருவரின் மனைவி. தண்டவாளத்தை ஒட்டிய மண்சாலையில், ஆற்றுக்கு முந்தைய வளைவில் சக்கரம் புதைந்துவிட்டது. ரயில் நின்றுபோனதை அவள் வலியில் மறந்துவிட்டாள். "ரயில் வருதா பாருங்க" என்று புருஷனைக் கெஞ்சியிருக்கிறாள். அவரும் இறங்கித் தண்டவாளத்தில் காதை வைத்திருக்கிறார். இரும்பு செத்துக் கிடந்தது. "வருது, கிட்ட வந்துடுச்சு" என்று பொய் சொல்லியிருக்கிறார். அவள் சிரித்தாளாம். தாயும் பிள்ளையும் அங்கேயே போய்விட்டார்கள். கூடப் போயிருந்த என் கணவர் திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

கருமாதி முடிந்த கையோடு கோயிலில் கூட்டம் கூடியது. ரயிலை மறுபடி ஓடவிட வேண்டும் என்று கம்பெனிக்கு மனுப் போட்டோம். "யோசித்துச் சொல்கிறோம்" என்று பதில் வந்தது. அவர்கள் யோசித்து முடிக்கும்வரை பாதையைச் சுத்தமாக வைத்திருப்போம், புல் மண்டிவிட்டது என்று சாக்குச் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆணும் பெண்ணுமாய் லாலாங் புல்லைப் பிடுங்கினார்கள். கட்டைகளுக்கு இடையில் முளைத்த ரப்பர் கன்றுகளைக் களைந்தார்கள். ஆயுத பூஜையன்று தண்டவாளத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். எல்லாம் அந்த வளைவு வரைதான். மண்சாலை அங்கேயே பாதையை விட்டு வேறு பக்கம் திரும்பிவிடும்; அதற்கு அப்பால் பாதையோரம் சதுப்பும் புலி பயமும், யாரும் போகவில்லை.

அந்த அண்ணன் மட்டும் புல் பிடுங்கும் நடுவில் குனிந்து காதை வைப்பார். ஒருநாள், "வருது" என்றார். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் அவர் பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி காதை வைத்துவிட்டு, "ஆமாண்ணே, கேக்குது" என்றாள். பிறகு ஒவ்வொருவராக. நான் சாப்பாட்டுக் கூடையோடு போன ஒரு ஞாயிறு, நல்ல வெயிலில், பாதையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் வரிசையாகப் படுத்துக் காதை வைத்திருந்தார்கள். பேச்சில்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி சிரிப்பு.

"போன வாரத்துக்கு இப்ப கிட்ட வந்துடுச்சு" என்றார் அண்ணன்.

"ஓடாத ரயிலுக்கு ஊரே காது வைக்குதா? எழுந்திரிங்க, சோறு ஆறுது!" என்று கத்தினேன். பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கோபம்தான்.

வீட்டில் கணவர், "நம்பிக்கைதானே, விடு" என்றார்.

"நம்பிக்கை பிள்ளையைத் திருப்பிப் போடுமா?" என்றேன். எனக்கு அப்போது நிறைமாதம். வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவச்சி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

வலி கண்ட காலையில் மண்சாலை முழுக்க வெள்ளம். மாட்டுவண்டி நகராது. ஸ்டோரில் கிடந்த தள்ளு டிராலியைத் தூக்கிவந்து தண்டவாளத்தில் ஏற்றினார்கள். இதற்காகத்தான் இத்தனை ஞாயிறு புல் பிடுங்கினோம் என்று ஆட்களுக்கு ஒரே உற்சாகம். அண்ணன் முன்னால் நின்று இழுத்தார், இருவர் பின்னால் தள்ளினார்கள், கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். நான் பலகையில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன்.

வளைவு நெருங்கும்போது பலகை வழியாக என் காதுக்குள் ஒரு சத்தம் நுழைந்தது. டிராலிச் சக்கரத்தின் சத்தமில்லை, அது வேறு. கனமாக, சீராக, எதிரே வந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க! ரயில் வருது!" என்று அலறினேன்.

நிறுத்தினார்கள். அண்ணன் குனிந்து காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. என்னை இறக்கினால்தான் ஆச்சு என்று அழுதேன். என் மனம் ஆறட்டும் என்று அண்ணன் வளைவைத் தாண்டிப் போய்ப் பார்த்தார். திரும்பி ஓடிவந்தார்.

"பாலத்துல தண்டவாளம் இல்ல" என்றார்.

நாங்கள் இந்தப் பக்கம் புல் பிடுங்கிக்கொண்டிருக்க, கம்பெனி கிள்ளான் பக்கமிருந்து தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டே வந்து ஆற்றோடு நின்றிருக்கிறது. வளைவுக்கு அப்புறம் பாதை சரிவு. ஓடவிட்டிருந்தால் டிராலி யார் பிடித்தும் நின்றிருக்காது. என் கணவர் கட்டையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். எனக்கு மட்டும் வேறொன்று உறைத்தது. அறுந்துபோன இரும்பு வழியாக எது வந்தது?

மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் சம்பான் படகில் எங்களை அக்கரை சேர்த்தார். கம்பம் என்கிற அவர்கள் கிராமத்தில், பீடான் என்று அவர்கள் சொல்லும் மருத்துவச்சிக் கிழவி எண்ணெய் தடவி, பிள்ளையை மெல்ல மெல்லத் திருப்பி எடுத்தாள். பெண் குழந்தை. கிள்ளானுக்குப் போகத் தேவையே ஏற்படவில்லை.

அந்த அண்ணன் குழந்தையைப் பார்க்க வந்தார். ஆனால் தொட்டில் பக்கம் அவர் கண் போகவில்லை.

"டிரெசரம்மா, நெசமாவே வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணே."

"அவ ஏறிட்டாளா?"

அந்தக் கேள்விக்கு எந்த மனுஷி இல்லை என்று சொல்வாள்? "ஏறிட்டா அண்ணே. பிள்ளையோட" என்றேன். அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அதன்பிறகு அவர் தண்டவாளம் பக்கமே போகவில்லை. இந்தப் பக்கத்துத் தண்டவாளத்தையும் கம்பெனி கழற்றிக்கொண்டு போய்விட்டது.

ஆறுதலுக்குத்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் என் கணவரிடம்கூடச் சொல்லாத ஒன்று உண்டு. அன்று நான் அலறியதும் அந்தச் சத்தம் எங்களைத் தாண்டிப் போகவில்லை. எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. ஒருத்தி ஏறி உட்காருகிற நேரம் நின்றுவிட்டு, மறுபடி கிளம்பி, கிள்ளான் பக்கமாகத் தேய்ந்து மறைந்தது. ஓடிய காலத்தில் எங்கள் ரயில், அவள் உயிர் விட்ட அந்த வளைவில் ஒருநாளும் நின்றதில்லை.