மன்னிப்புக் கேட்காத பேய்

பார்மா ஊரில் லோரெட்டா ஹாவ்லிசெக்கின் முகம் தெரியாதவர்கள் உண்டு. அவள் குரலைக் கேட்காத நோயாளி ஒஹையோ மாநிலத்திலேயே குறைவு. ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியின் தொலைபேசியில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, "உங்க சிகிச்சைக்கு அனுமதி இல்லைங்க" என்று தேனொழுகச் சொன்னவள். சொன்ன கையோடு, "வேற ஏதாவது உதவி வேணுங்களா?" என்று கேட்டாக வேண்டும். மன்னிப்பு மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் கம்பெனி தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். அடப்பாவிகளா! முதுகு ஒடிந்து அவள் ஓய்வு பெற்ற அன்று ஒரு கேக் வெட்டினார்கள்.

அந்தக் குரலைத்தான் இயக்குநர் வெண்டல் ப்ரூயிட் பிடித்துக்கொண்டார். பேய்ப்படக்காரர், பேயைச் சாக்காக வைத்து அமெரிக்காவின் மானத்தை வாங்குவதே அவர் பிழைப்பு. புதுப் படத்தில் பேய் யார் கழுத்தையும் கடிக்காது. போனை எடுத்து மரியாதையாகப் பேசும். பேசி முடிப்பதற்குள் ஆள் செத்துப்போவான்.

"நேரா சொன்னா யாரு கேக்கறா? பேய்னா டிக்கெட் வாங்கிட்டு வந்து கேப்பாங்க," என்றார்.

"நான் பேயா? எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா, இப்பத்தான் தெரிஞ்சுதான்னு கேட்டிருப்பார்," என்றாள் லோரெட்டா.

படப்பிடிப்பில், நோயாளியாக நடித்தவன் போனில் கத்தித் தீர்த்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"யாரும் இப்படிக் கத்த மாட்டாங்க தம்பி. யங்ஸ்டவுன்ல ஒருத்தர், பொண்டாட்டிக்குப் புற்றுநோய். இல்லேன்னு சொன்னதும், 'ரொம்ப நன்றிம்மா, உங்களுக்கு வீண் சிரமம்'னு வச்சுட்டார்."

ப்ரூயிட் வசனத்தை அப்படியே மாற்றினார்.

அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது ஒன்பது வருஷமாக அவள் நெஞ்சை அரித்தது. இங்கே ஒட்டுக்கேட்க மேலதிகாரி இல்லை. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

கேமரா ஓடியது. "ரொம்ப நன்றிம்மா," என்றான் நடிகன்.

"என்னை மன்னிச்சிடுங்க ஐயா," என்றாள் லோரெட்டா. குரல் உடைந்துவிட்டது.

ப்ரூயிட் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பிரமாதம் லோரெட்டாம்மா. ஆனா படத்துல வைக்க முடியாது. பேய் மன்னிப்புக் கேட்டா, உள்ள ஒரு மனுஷி இருக்கான்னு ஆயிடும். அப்புறம் யாரு பயப்படுவா? அது இல்லாம இன்னொரு தடவை?"

லோரெட்டா தண்ணீர் குடித்தாள். மறுத்துப் பேச அலுப்பாக இருந்தது. கேமரா மறுபடி ஓடியது.

"வேற ஏதாவது உதவி வேணுங்களா?" என்றாள், தேனொழுக. ஒரே டேக்கில் ஓகே ஆனது.