இடது ஷூவின் அடியில்

விபத்துக்குப் பிறகு என் இடது கால் வலது காலைவிட இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. தொடை எலும்பு ஒட்டிய விதம் அப்படி. ஸ்கூட்டரை ஓட்டியவர் என் கணவர். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்குத் தொடைக்குள் தகடும் திருகுகளும். ஒரே வண்டியில் போன இரண்டு பேருக்கு ஏன் இப்படி என்று யோசிப்பதை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே விட்டுவிட்டேன். அவர் விடவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார். ஆனால் நான் குக்கரைக்கூட அடுப்பிலிருந்து இறக்கக்கூடாது. காய்கறிப் பையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார். படி ஏறினால் பின்னாலேயே வருவார், விழுந்தால் பிடிப்பதற்கு.

பிசியோதெரபி முடிந்த சமயத்தில் அங்கிருந்த பெண், "இதுக்கு மேல ரப்பர் பட்டையை இழுத்துக்கிட்டிருந்தா தொடையில சதை வராது. வெயிட் எடுங்க" என்றார். வீட்டில் வந்து சொன்னேன்.

"வெயிட்டா? நீயா?" என்றார் கணவர். அதோடு அந்தப் பேச்சை அவர் முடித்துக்கொண்டார். நான் மறுவாரம் ஜிம்மில் சேர்ந்தேன்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து சற்று உள்ளே, டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் அந்த ஜிம். அதை நடத்துகிறவருக்கு முப்பது வயது இருக்காது. மாவட்ட அளவில் பவர்லிஃப்டிங் என்ற எடை தூக்கும் போட்டிகளில் கலந்துகொண்டவர். எங்களுக்கெல்லாம் அவர் மாஸ்டர். தன்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்களாகத் தெரிந்தால் எல்லோரும் அவருக்கு அக்கா, அண்ணன்தான். முதல் நாள் நான் தடியான அடிப்பாகம் உள்ள, ஓடுவதற்கான ஷூவைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். இடது ஷூவுக்குள் இரண்டு அட்டைகளைத் திணித்து உயரத்தைச் சரிக்கட்டியிருந்தேன். அதனால் குதிகால் ஷூவிலிருந்து பாதி வெளியே நின்றது.

அவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார்.

"அக்கா, இந்த ஷூவோட ராடு பக்கத்துல வராதீங்க."

"ஏன்?"

"அடியில பஞ்சு மாதிரி கீது. வெயிட் ஏற ஏற அமுங்கும். ஏற்கெனவே உங்களுக்கு ஒரு பக்கம் எறக்கம். ரெண்டும் சேந்தா இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்? கயட்டிட்டு வெறுங்கால்ல நில்லுங்க."

வெறுங்காலில் நின்றேன். அவர் கம்பியில் மாட்டும் இரும்புத் தட்டுகளில் இருப்பதிலேயே மெல்லியதைக் கொண்டுவந்து என் இடது பாதத்துக்கு அடியில் வைத்தார். எதிரே கண்ணாடி. என் தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. விபத்துக்குப் பிறகு அப்படி நான் என்னைப் பார்த்ததில்லை. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஜாக்கெட்டை இடது தோள் பக்கம் பிடித்துத் தைக்கச் சொல்வது இனி தேவையில்லை என்று மட்டும் நினைத்தேன். அது தவறான கணக்கு. தட்டை விட்டு இறங்கியதும் தோள் பழையபடி இறங்கிவிட்டது.

சில மாதங்கள் அந்தத் தட்டின் மேல் நின்றே பழகினேன். டெட்லிஃப்ட் எனக்குப் பிடித்துப்போனது. தரையில் கிடக்கும், எடை மாட்டிய கம்பியைப் பிடித்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு, எழுந்து நிற்கவேண்டும். அவ்வளவுதான். ஓடவேண்டாம், குதிக்கவேண்டாம். எடை கூடியதும் தட்டு காலுக்கடியில் நகர ஆரம்பித்தது. "ஷூ வாங்கிடுங்கக்கா" என்றார் மாஸ்டர்.

மேற்குத் தாம்பரத்தில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றுக்குப் போனேன். விற்பனையாளர் வரிசையாக எடுத்து வைத்தார். ஒவ்வொன்றின் குதிகாலையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போனது.

"மேடம், இது பாருங்க. மெத்து மெத்துனு இருக்கும். நாள் பூரா நின்னாலும் கால் வலிக்காது."

"மெத்துனு வேண்டாம். கட்டை மாதிரி இருக்கணும்."

"கட்டை மாதிரியா?" வியாபாரத்தில் இப்படி ஒரு கோரிக்கையை அவர் கேட்டதில்லை போலும். உள்ளே போய், ஆண்களுக்கான கறுப்பு ஷூ ஒன்றைத் தூசு தட்டிக்கொண்டு வந்தார். அடிப்பாகம் கெட்டி, தட்டை. நடுவில் மடக்கினால் மடங்கவில்லை. விரல்கள் விரிந்து நிற்க முன்பக்கம் இடமிருந்தது. பாதத்தை இழுத்துக் கட்ட மேலே ஒரு பட்டை. குதிகால் உயர்ந்த ஷூவும் இருக்கிறது, உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு நல்லது என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். எனக்கு உயரம் வேண்டியது ஒரு காலுக்குத்தான். அதைத் தட்டையான ஷூவின் அடியில்தான் ஒட்டமுடியும். ஆண்களுக்கான சின்ன அளவு எனக்குச் சரியாக இருந்தது.

இடது ஷூவின் அடியில் உயரம் ஒட்டித் தரும்படி கடைத்தெருவில் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்தேன். நன்றாகத்தான் ஒட்டினார், ஆனால் நுரை ஷீட்டை. நடப்பதற்குச் சுகமாக இருந்தது. கம்பியைத் தூக்கியதும் உள்பக்கமாகச் சரிந்தது. நான் கணக்கு எழுதும் கம்பெனி திருமுடிவாக்கத்தில் இருக்கிறது. இயந்திரங்களுக்கு அடியில் வைக்கும் ரப்பர் பட்டைகள் செய்கிறோம். தினமும் பில் போடும் பொருள்தான், அதுவரை என் காலுக்கு ஆகும் என்று தோன்றவில்லை. முதலாளியிடம் ஒரு துண்டு கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"ஷூவுக்கு சார்."

"எவ்வளவு லோடு வரும்?" என்றார். வாடிக்கையாளர்களிடம் கேட்கும் அதே கேள்வி. நானும் என் எடையையும் கம்பியின் எடையையும் கூட்டிச் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, இருப்பதில் கெட்டியானதை வெட்டித் தரச் சொன்னார். செருப்புக்காரர் அதைச் சீவுவதற்குள் சலித்துப்போனார். "லாரி டயர் கூட இதுக்குத் தேவலாம்" என்றார். ஆனால் ஒட்டியது நின்றது, மீதி உயரத்துக்கு ஷூவுக்குள் கெட்டியான அட்டை ஒன்று வைத்துக்கொண்டேன். அமுங்கவில்லை, சரியவில்லை. இரும்புத் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டோம்.

முழங்காலில் மாட்டும் மூட்டு உறை வாங்கும்போது வேறு சிக்கல். அது இறுக்கமாக இருந்தால்தான் பயன். என் இடது தொடை மெலிந்தது, வலது பழைய தொடை. ஜோடியாகத்தான் விற்பார்கள் என்பதால் இரண்டு அளவில் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். மிச்சத்தை முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருக்கும் என் அக்காவிடம் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டு காலும் ஒரே சைஸ்டி" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விபத்துக்குப் பிறகு என் காலைப் பற்றி யாரும் என் முன்னால் சிரித்ததில்லை.

எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டும் முதலில் தப்பாகத்தான் வாங்கினேன். அகலம் அதிகமானால் நல்லது என்று நினைத்துக்கொண்டு வாங்கியது, நான் குனிந்தால் மேலே விலா எலும்பிலும் கீழே இடுப்பெலும்பிலும் குத்தியது. என் உடம்பில் அவை இரண்டுக்கும் நடுவே அவ்வளவு இடமில்லை. அகலம் குறைந்த தோல் பெல்ட்டை மாற்றிக் கொண்டுவந்தேன். பெல்ட் முதுகைத் தாங்கும் என்று எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தேன். மாஸ்டர் அதை இறுக்கிவிட்டு, "வயித்துல காத்தைப் புடிச்சி பெல்ட்டைத் தள்ளுங்க. அது சும்மா செவுரு மாதிரி நிக்கும். வேலை செய்யறது நீங்கதான்" என்றார்.

அவர்தான் ஒருநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் போட்டி இருக்கிறது என்றார். டெட்லிஃப்ட் மட்டும், நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத் தனிப் பிரிவு. பெயர் கொடுத்தேன். போட்டிக்கு என்று வாங்கிய ஒட்டிப்பிடிக்கும் உடையைக் கொடியில் காயப்போட்டிருந்ததைக் கணவர் பார்த்துவிட்டு, "தகடு உள்ள இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். வரமாட்டார் என்று நினைத்தேன். அன்று காலை எனக்கு முன்னால் குளித்துவிட்டு, என் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

கல்யாண மண்டபத்தில் போட்டி. மணமேடையில் மரப்பலகை விரித்துக் கம்பியை வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எடை பார்த்தார்கள், உடையையும் சாமான்களையும் சோதித்தார்கள். சோதித்தவர் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. என் பெல்ட்டைப் புரட்டிப் பார்த்துச் சரி என்றார். முழங்கால் வரை வரும் சாக்ஸைப் பார்த்தார், சரி. ஷூ இரண்டையும் கையில் எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணு உசரமா இருக்கே?"

என் கால் விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும் மேடம். இதை விட முடியாது."

மாஸ்டர் குறுக்கே வந்தார். "மேடம், அவங்க காலே அப்டிதான். அட்வான்டேஜ்லாம் ஒண்ணும் இல்ல. இது இல்லாங்காட்டி அவங்களுக்குத்தான் கஷ்டம்."

"எனக்குப் புரியுது தம்பி. முன்னாடியே எழுதிக் கேட்டிருந்தா கமிட்டில பேசியிருப்பாங்க. இப்ப வந்து நானா முடிவு பண்ண முடியாது." பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "சாதா ஷூ போட்டுக்கிட்டு உள்ள மெல்லிசா ஒரு அட்டை வச்சுக்கங்க. அதை அலவ் பண்றேன். வேற ஷூ இருக்கா?"

இல்லை. நான் போட்டுக்கொண்டு வந்த செருப்பும் இடது பக்கம் உயரம் வைத்ததுதான். மாஸ்டரின் ஷூ என் இரண்டு பாதங்களையும் ஒன்றாக விழுங்கும். அவர் அங்கிருந்த பெண்களிடம் கேட்கலாம் என்று திரும்பினார். எனக்குக் கோபமோ அழுகையோ வரவில்லை. திரும்பிப் போய்விடலாம், அடுத்த ரயில் எப்போது என்றுதான் மனம் போயிற்று.

கணவர் இதையெல்லாம் வாசலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவிடம் சண்டைக்குப் போவார் என்று பயந்தேன். அவர் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் கேன்வாஸ் ஷூவைக் கழற்றினார். அடிப்பாகம் தேய்ந்து தட்டையாகிப்போன ஷூ.

"ஒரு நம்பர் பெருசா இருக்கும்," என்றார். "லேஸை இறுக்கிக் கட்டிக்கோ."

"வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"நானும்தான் நெனச்சேன்."

அதிகாரி அந்த ஷூவைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். என் ஷூவுக்குள் இருந்த அட்டையை உருவி, அவருடைய இடது ஷூவுக்குள் போட்டேன். ஷூ உள்ளே இன்னும் சூடாக, ஈரமாக இருந்தது. ஒரு சென்டிமீட்டர் அளவு சரியாயிற்று. மீதியை இடுப்பு பார்த்துக்கொள்ளவேண்டும்.

முதல் முயற்சிக்கு எழுதிக்கொடுத்திருந்த எடையை மாஸ்டர் குறைத்தார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மணமேடைப் படிகளில் ஏறிக் கம்பியைப் பிடித்தேன். எழும்போது வலப்பக்கம் முந்திக்கொண்டது. நிமிர்ந்து நின்றபோது கம்பி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது எனக்கே தெரிந்தது. நடுவர் கையை இறக்கும்வரை அப்படியே நிற்கவேண்டும். அந்த நேரத்தில் கணவரைப் பார்த்தேன். முன்வரிசையில் வெறும் சாக்ஸோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு சாக்ஸில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. அவருடைய கைகள் முன்னால் நீண்டிருந்தன, படி ஏறும்போது என் பின்னால் நீட்டிக்கொண்டு வருவாரே, அதே மாதிரி. மேடைக்கும் அவருக்கும் நடுவில் நல்ல தூரம். நடுவரின் கை இறங்கியது. கம்பியை வைத்தேன். இடப்பக்கத் தட்டு முதலில் தரையைத் தொட்டது, வலப்பக்கம் பிறகு. வெள்ளை விளக்குகள் எரிந்தன, தூக்கியது செல்லும்.

இரண்டாவதும் வந்தது. மூன்றாவது முழங்கால் வரை வந்து நின்றுவிட்டது. கொஞ்சநேரம் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு இறக்கி வைத்தேன். வலி இல்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

என் வயதுக்கும் எடைக்கும் உரிய பிரிவில் நான் ஒருத்திதான். மூன்றாம் இடம் இல்லை, இரண்டாம் இடம் இல்லை என்று மைக்கில் அறிவித்துவிட்டு முதல் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மண்டபம் கைதட்டியது. பதக்கத்தை வாங்கிக்கொண்டேன். ஷூவைச் சோதித்த அதிகாரி வந்து, "அடுத்த தடவை டாக்டர் லெட்டரோட முன்னாடியே எழுதிக் குடுங்க, நானே பேசறேன்" என்றார். நன்றி சொன்னேன். அவர் சொன்னபடி பிறகு எழுதியும் கொடுத்தேன்.

இன்னும் சிலர் தூக்கவேண்டியிருந்ததால் மாஸ்டர் அங்கேயே இருந்துவிட்டார். நாங்கள் இருவரும் ஸ்டேஷனுக்கு வந்தோம். பிளாட்பாரத்தில் வெயில். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். தண்டவாளத்தைப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"அன்னிக்கு அந்த பஸ்ஸை நான் ஓவர்டேக் பண்ணியிருக்கக்கூடாது."

அதுவரை ஒருமுறைகூட அவர் இதைச் சொன்னதில்லை. அதெல்லாம் இல்லை, விதி, விடுங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

"ஆமா," என்றேன். "பண்ணியிருக்கக்கூடாது."

அவர் தலையை ஆட்டினார். முகம் இறுகவில்லை. நான் பார்த்தவரை கொஞ்சம் தளர்ந்தது. பாட்டிலை வாங்கி மீதித் தண்ணீரைக் குடித்தார்.

"ரொம்ப வலிச்சுதா, அப்போ?"

"வலிச்சுது."

ரயில் வந்தது. கூட்டம் இருந்தது, ஓரத்தில் ஒரு இடம் மட்டும் காலி. "நீ உட்காரு" என்றார். தொடையின் பின்பக்கம் கம்பி மாதிரி முறுக்கியிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, நிற்பதே சுகம் என்றேன். "நீங்க உட்காருங்க."

உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். கூடுவாஞ்சேரி வருவதற்குள் தூங்கிப்போனார்.