மிஸ்ஸிங் அடித்த கார் திருக்கடையூர் போன கதை

காலை ஐந்தரை மணிக்குத் தஞ்சாவூரை விட்டுக் கிளம்பினோம். திருக்கடையூரில் என் மாமனாருக்கும் மாமியாருக்கும் அறுபதாம் கல்யாணம். முகூர்த்தம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. தூரம் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். என் மனைவியும் மற்றவர்களும் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். மணமக்களை மாமனாரின் பழைய காரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கார் ஓட்டத் தெரியும். காரைப் பற்றி வேறெதுவும் தெரியாது.

ஏறும்போதே மாமா ஒரு நிபந்தனை போட்டார்.

"மாப்பிள்ளை, எங்க வேணும்னாலும் நிறுத்துங்க. குத்தாலம் தாண்டினதும் மட்டும் நிறுத்தாதீங்க."

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய வயல்கள் அங்கேதான். சம்பா முற்றிச் சாய்ந்து நிற்கிறது. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டு, ஆட்கள் இரண்டு வாரமாக அறுப்புக்கு இறங்கவில்லை. மாமாவும் அந்தப் பக்கம் போகவில்லை. விவசாயக் கூலிகளின் சங்கத்தோடு பேசுவதில்லை என்பது அவர் கொள்கை.

ஆறு மணிக்கு அய்யம்பேட்டை. ஊருக்குள் நுழையும்போது கார் இருமத் தொடங்கியது. ஓர் இழுப்பு, ஒரு விக்கல், மறுபடி ஓர் இழுப்பு. பின் சீட்டில் அத்தை முன்னும் பின்னும் ஆடினார். கடைத்தெருவில் வண்டி நின்றேவிட்டது. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்துகொண்டிருந்த மெக்கானிக் பாய் தாமாகவே அருகில் வந்தார்.

"மிஸ்ஸிங் அடிக்குதுங்க. பெட்ரோல் இருக்கா?"

டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். நிறைய இருந்தது. பிறகு நான்கு பிளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டினார். வண்டி சட்டென்று கிளம்பியது. இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு, "பிளக்தான் கோளாறு. இனிமே நீங்க கவலையே படவேணாம்" என்றார்.

இருபத்தைந்து கிலோமீட்டர் கவலைப்படாமல் போனோம். ஏழேகாலுக்குக் கும்பகோணத்தின் வாசலில் அதே இருமல், அதே விக்கல். டீக்கடைப் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்தார்கள். நில உச்சவரம்புச் சட்டத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தவர்கள், என் கார் விஷயத்தில் ஆறு கட்சியாகப் பிரிந்தார்கள். பேட்டரி என்றார் ஒருவர். பெட்ரோலில் தண்ணீர் என்றார் இன்னொருவர். எதிர் ஒர்க்‌ஷாப்காரர் வந்து, பிளக் என்று சொன்னவன் யார் என்று கேட்டுச் சிரித்தார்.

"கரண்ட் போற பாயிண்ட் கருகிப் போயிருக்கு சார்."

மூடியைத் திறந்து டேங்கிலிருந்து டியூப் போட்டுக் கொஞ்சம் பெட்ரோல் இழுத்து, அதைக் கொண்டு பாயிண்ட்டைக் கழுவினார். வண்டி கிளம்பியது. இவருக்கு மூன்று ரூபாய். இவர்கள் கை வைத்த உடனே சரியாகிவிடுவதால் யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை.

ஒன்பது மணி. குத்தாலம் தாண்டி இரண்டு கிலோமீட்டர். மாமா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார். சாலையோரம் சிவப்புக் கொடி தெரிந்தது. அதன் கீழே நாற்பது ஐம்பது பேர். வண்டி விக்கியது.

"நிறுத்தாதீங்க மாப்பிள்ளை."

"நான் நிறுத்தல மாமா."

கொடிக்கு நேர் எதிரே கார் உயிரை விட்டது.

யாரும் கத்தவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. நான் இறங்கி பானெட்டைத் தூக்கினேன். பாய் செய்ததை நினைவுபடுத்திப் பிளக்கைத் துடைத்தேன். கும்பகோணத்துக்காரர் செய்ததுபோல் பாயிண்ட்டையும் துணியால் துடைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மணி ஒன்பதரை. அத்தை கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். சங்கத்தில் பெண்களுக்குத் தலைவி, பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது.

"நீங்கதான் மாப்பிள்ளையாங்க? அதோ கருவமரத்துக்கு அந்தாண்ட ஏழு ஏக்கரு, உச்சவரம்புக்குத் தப்ப, உங்க பேர்லதாங்க இருக்கு."

எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் மட்டுமே உண்டு என்று அதுவரை நம்பியிருந்தேன். மாமாவைப் பார்த்தேன். அவர் வயலில் நின்ற ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி நின்னப்ப என்ன செஞ்சாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "ரெண்டு தடவையும் எண்ணெ மூடியத் தொறந்தாங்களா?"

யோசித்தேன். திறந்தார்கள்.

"இப்ப நீங்க தொறந்தீங்களா?"

இல்லை. போய்த் திருகினேன். மூடி இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. பலம்கொண்ட மட்டும் இழுக்க, உஸ்ஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. கூட்டத்தில் ஒரு குழந்தை கைகொட்டியது. சாவியைத் திருப்பினேன். சற்று முனகிவிட்டு எஞ்சின் சீராக ஓடியது.

"மண்ணெண்ண டின்னுல ஒரு ஓட்ட போட்டா ஊத்துமாங்க? விக்கி விக்கித்தான் வரும். காத்து போக இன்னொரு ஓட்ட போடணும்ல. இதுக்கும் எங்கியாவது இருக்கும், பாருங்க."

மூடியின் நடுவே ஒரு சின்னத் துளை இருந்தது. வெள்ளையாக எதையோ வைத்து அடைத்திருந்தது.

"நீங்கதானே மெழுகுவத்திய உருக்கி ஊத்துனீங்க?" என்று அத்தை மாமாவிடம் கேட்டார்.

மாமா காரிலிருந்து இறங்கினார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. "பெட்ரோல் வெல ஏறிப்போச்சு. ஆவியா போயிடுதுன்னு சொன்னாங்க."

முதலில் சிரித்தது அத்தைதான். அதன் பிறகே மற்றவர்கள் சிரித்தார்கள். அஞ்சலை தன் கழுத்துக் கயிற்றிலிருந்து ஊக்கை எடுத்து மெழுகைக் குத்தி எடுத்தாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "அஞ்சல, அந்தக் கூலி விஷயம்..."

"நேரமாச்சுங்கய்யா. போயி தாலியக் கட்டிட்டு வாங்க. பேசுறதெல்லாம் திரும்பி வரும்போது பேசிக்கலாம்."

பத்து நாற்பதுக்குக் கோயில் வாசலில் இறங்கினோம். வழியில் ஒரு விக்கல் இல்லை. முகூர்த்தத்துக்குள்ளேயே மாமா தாலி கட்டினார்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குத் திரும்பும்போது, கொடி தெரிந்ததும் நான் வேகத்தைக் கூட்டினேன்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை," என்றார் மாமா.

"வண்டி நல்லாத்தான் ஓடுது மாமா."

"அது எனக்குத் தெரியும். நிறுத்துங்க."

ஒரு மணி நேரம் வரப்பில் நின்று பேசினார்கள். அரைப்படி கேட்டவர்கள் கால்படிக்கு இறங்கவில்லை. மாமாதான் அரைப்படிக்கு ஏறினார். அடுத்த நாள் காலையிலேயே அறுப்பு தொடங்கியது. அந்த ஏழு ஏக்கர் பற்றி நான் கேட்டதற்கு, அதைத் தஞ்சாவூர் போய்ப் பேசலாம் என்றார். இன்னும் பேசவில்லை.

தஞ்சாவூரில் விசாரிக்க வந்தவர்களிடம் மாமா மெழுகைப் பற்றி மூச்சு விடவில்லை. "சங்கத்துக்காரங்ககிட்டப் பேசணும்னு நானேதான் காரை நிறுத்தச் சொன்னேன்" என்றார். போகும்போது நின்றதா, வரும்போது நின்றதா என்று யாரும் கேட்கவில்லை. வருகிற வழிக்கு அது முழு உண்மை. நானும் தலையாட்டினேன்.